மரபு வில் வேட்டை: தொடங்குபவருக்குச் சில கணக்குகள்

1911 ஆகஸ்டு 29 அன்று கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரை ஒட்டிய இறைச்சிக்கூடத்தின் அருகே, பசியால் மெலிந்துபோன ஒரு மனிதரைக் கண்டுபிடித்தார்கள். யாஹி என்ற பழங்குடியில் எஞ்சியிருந்த கடைசி ஆள் அவர். குடியேறிகளின் துப்பாக்கிக்கும் பட்டினிக்கும் நோய்க்கும் அவருடைய மக்கள் எல்லோரும் இரையாகிவிட்டிருந்தார்கள். மானுடவியலாளர் ஆல்ஃபிரட் க்ரோபர் அவருக்கு இஷி என்று பெயர் வைத்து, சான்ஃபிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார். அருங்காட்சியகத்துக்கு அடுத்திருந்த மருத்துவமனையில் சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர் பணியாற்றினார். இஷிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர், நாளடைவில் அவரிடம் வில் பிடிக்கக் கற்றுக்கொண்ட மாணவரானார். இஷி 1916இல் காசநோயால் இறந்தார். அவரிடம் கற்றதை எல்லாம் சேர்த்து, 1923இல் போப் வில் வேட்டையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இன்று அமெரிக்காவில் மரபு வில்லைக் கையில் எடுக்கும் ஏறக்குறைய எல்லோரும் ஏதோ ஒரு வழியில் அந்த நூலின் வாரிசுகள்தான்.

இஷியின் வில்லைப் பற்றிப் போப் குறித்துவைத்த விவரங்களில், புதிதாகத் தொடங்குபவர் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. மலை ஜூனிப்பர் மரத்தில் செதுக்கி, முதுகில் தசைநார் ஒட்டிய அந்த வில் நாலடி உயரம்கூட இல்லை. அதை முழுதாக இழுக்கத் தேவைப்பட்ட விசை ஏறத்தாழ 40 முதல் 45 பவுண்டு. அதாவது 20 கிலோ எடையைத் தூக்குகிற அளவு. அப்படிப்பட்ட வில்லை வைத்துத்தான் அவர் மான் வேட்டையாடினார்.

இதன் பக்கத்தில் இன்னொரு வில்லை வைத்துப் பார்க்கலாம். 1545இல் மூழ்கி 1982இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 172 நெடுவிற்கள் கிடைத்தன. அவற்றின் இழுவிசை 100 பவுண்டுக்கு மேலே தொடங்கி 180ஐத் தொடும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கப்பலோடு போன எலும்புக்கூடுகள் பலவற்றில் தோள்பட்டை எலும்பின் நுனி, வளர்ந்த வயதிலும் ஒட்டாமல் தனித் துண்டாகவே இருந்தது. சிறு வயதிலிருந்து பெரிய வில்லை இழுத்து இழுத்து உடம்பே அப்படி மாறியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அது போர் வில். கவசம் போட்டவனை நூற்றுக்கணக்கான மீட்டர் தொலைவில் அடிப்பதற்கு ஆனது. வேட்டை வில்லுக்கு வேலை வேறு.

கடைக்குப் போகும் புதியவர் பெரும்பாலும் இந்த வேறுபாட்டை அறியாமல் போகிறார். மான் பெரிய விலங்கு, ஆகவே வில்லும் பெரிதாக வேண்டும் என்று நினைத்து 55, 60 பவுண்டு வில்லை வாங்கிவிடுகிறார். மரபு வில்லில் செய்யக்கூடிய தவறுகளில் இதுதான் முதலாவது, மிக மோசமானதும் கூட. ஏன் என்பதற்கு இயற்பியல், உடற்கூறு இரண்டுமே விடை தருகின்றன.

முதலில் வில். நாணை இழுக்கும்போது கை செய்யும் வேலை முழுவதும் வில்லின் இரு கரங்கள் வளைவதில் சேமிப்பாகிறது. எவ்வளவு விசையில், எவ்வளவு தூரம் இழுத்தோம் என்ற இரண்டும் சேர்ந்துதான் அந்தச் சேமிப்பின் அளவைத் தீர்மானிக்கும். வில்லில் 45 என்று எழுதியிருந்தால், 28 அங்குலம் இழுத்தால் 45 பவுண்டு என்று பொருள். 26 அங்குலம் மட்டுமே இழுக்க முடிகிற ஒருவருக்கு அதே வில் 40 பவுண்டு சுமாரில் நின்றுவிடும், ஏனென்றால் கடைசிக் கட்டத்தில் அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு கூடும் அல்லது குறையும். ஆகவே வில் வாங்குவதற்கு முன் தம் இழுநீளத்தை அளந்துகொள்வது அவசியம்.

மரபு வில் என்றால் பொதுவாக இரண்டு வகை. ஒன்று நெடுவில், நீண்டு ஒரே சீராக வளைவது. மற்றது ரிகர்வ், கரங்களின் நுனி வெளிப்பக்கமாக மடங்கியது. நாண் அந்த மடிப்பின்மேல் படிந்திருந்து, இழுக்க இழுக்க விலகுவதால் அதே இழுவிசைக்குக் கொஞ்சம் கூடுதல் ஆற்றல் சேரும். நெடுவில் சத்தம் குறைவு, கைத் தவறுகளைச் சற்றே பொறுத்துக்கொள்ளும். எது சிறந்தது என்று ஆண்டுக்கணக்கில் வாதிடுபவர்கள் உண்டு. தொடங்குபவருக்கு நடைமுறையில் உதவுவது கரங்களைக் கழற்றி மாட்டக்கூடிய ரிகர்வ். 25 அல்லது 30 பவுண்டுக் கரங்களோடு தொடங்கி, உடம்பு தேறியபின் பிடியை அப்படியே வைத்துக்கொண்டு 40, 45 பவுண்டுக் கரங்களை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

இவற்றோடு காம்பவுண்ட் வில்லைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மிசூரியைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற கப்பி வில் அது. முழுதாக இழுத்த நிலையில் கப்பிகள் சுமையைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வதால், விரலில் கால்வாசியோ அதற்கும் குறைவாகவோதான் எடை நிற்கும். குறிபார்த்தபடி நிதானமாக நிற்கலாம். மரபு வில்லில் இந்தச் சலுகை இல்லை. முழு இழுப்பில்தான் முழு எடையும் விரலில் தொங்கும். 60 பவுண்டு காம்பவுண்டைச் சுலபமாகக் கையாள்பவருக்கு, 60 பவுண்டு ரிகர்வை எடுத்ததும் கை நடுங்குவது இதனால்தான்.

இனி அம்பு. உண்மையில் வில்லைவிட அம்புதான் முக்கியம் என்று அனுபவசாலிகள் சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

45 பவுண்டு வில்லிலிருந்து 29 கிராம் எடையுள்ள அம்பு புறப்பட்டால் அதன் வேகம் வினாடிக்கு 50 மீட்டர் அளவில் இருக்கும். அதன் இயக்க ஆற்றல் 36 ஜூல். மான் வேட்டையில் வழக்கமாகப் பயன்படும் .30-06 துப்பாக்கி ரவையின் ஆற்றல் ஏறத்தாழ 3,800 ஜூல். நூறு மடங்கு வித்தியாசம். 45 பவுண்டை 60 ஆக்கினாலும் இந்த நூறு, எண்பதாகுமே தவிர வேறொன்றும் ஆகாது. துப்பாக்கி ரவை அதிர்ச்சியாலும் திசுக்களைச் சிதைப்பதாலும் கொல்கிறது. அம்பு வெட்டிக் கொல்கிறது. நுரையீரலையும் பெரிய ரத்தக் குழாய்களையும் அறுத்து, ரத்தம் வடிந்து, நுரையீரல் சுருங்கி, மூளைக்கு உயிர்வளி போகாமல் விலங்கு சில வினாடிகளில் விழுகிறது. ஆகவே வேட்டை அம்பின் உயிர்நாடி, அதன் முனையிலுள்ள அலகின் கூர்மை. கூரான அலகு அறுத்த ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் தடையின்றிக் கசியும். மழுங்கிய அலகு கிழித்து நசுக்கிய இடத்திலோ, சிதைந்த திசு ரத்த உறைவைத் தூண்டிவிடும். இஷி எரிமலைக் கண்ணாடிக் கல்லைச் சில்லு சில்லாகப் பெயர்த்து முனை செய்தார். கண்ணாடி உடைந்த விளிம்பைவிடக் கூரானது மனிதன் கைவசம் அதிகம் இல்லை. இன்றைக்குத் தொடங்குபவருக்கு ஏற்றது, உறுதியான இரண்டு அலகு கொண்ட எஃகு முனை. அதை முன்கை மயிரைச் சவரம் செய்கிற அளவுக்குத் தீட்டி வைத்திருக்க வேண்டும். கடையிலிருந்து வந்தபடியே பயன்படுத்தக் கூடாது.

இந்தத் தொழில்நுட்பம் எவ்வளவு பழையது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. இலங்கையின் பாஹியங்கல குகையில் கிடைத்த எலும்பு முனைகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வில்லும் அம்பும் இருந்தன என்றது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே கிடைத்தவற்றில் அப்போதைக்கு அதுவே மிகப் பழைய தடயம். அந்த முனைகள் மழைக்காட்டில் குரங்கையும் பெரிய அணிலையும் வீழ்த்தப் பயன்பட்டவை. அடர்ந்த காட்டில் நெருங்கிப் போய், சிறு முனையால் செய்த வேட்டை.

அம்பின் எடைக்கும் காரணம் உண்டு. வில்லின் கரங்கள் நிமிரும்போது சேமிப்பு முழுவதும் அம்புக்குப் போய்விடுவதில்லை. ஒரு பங்கு கரங்களையும் நாணையும் நகர்த்துவதிலேயே செலவாகும். அம்பு கனமாக இருந்தால் மெதுவாகப் புறப்படும், ஆனால் கூடுதல் ஆற்றலை வாங்கிக்கொண்டு போகும். இலேசான அம்பு விரைந்து பறக்கும், மிச்ச ஆற்றலோ வில்லிலேயே தங்கி அதிர்வாகவும் சத்தமாகவும் வெளிப்படும். இழுவிசையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் அம்பில் 9 அல்லது 10 கிரெய்ன் எடை என்பது மரபு வில்லாளிகளின் கணக்கு. 45 பவுண்டுக்கு 450 கிரெய்ன், அதாவது மேலே சொன்ன 29 கிராம். இதே காரணத்தால்தான் அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். ஆற்றல் முழுவதும் போக்கிடம் இல்லாமல் கரங்களுக்கே திரும்பி, வில் பிளந்துவிடக்கூடும். முகத்துக்கு அருகில் நடக்கும் விபத்து அது.

அம்பின் கதையில் மிகவும் வியப்பான பகுதி இனிமேல்தான். வலக்கைக்காரர் வில்லில் அம்பு, பிடியின் இடப்பக்கம் உரசி நிற்கும். நாணோ பிடியின் நடுவை நோக்கித் திரும்பி வரும். அப்படியானால் அம்பின் வால் நடுவுக்கு வரும்போது தலை இடப்பக்கம் தள்ளப்பட்டு, எல்லா அம்பும் இலக்குக்கு இடப்பக்கமே போயாக வேண்டும். ஆனால் போவதில்லை. குறியில்தான் தைக்கிறது. இந்த முரண்பாடு வில்லாளிகளை நெடுங்காலம் குழப்பியது. கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர் பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்தவர், அதற்கு முன்பு ராபர்ட் கோடார்டோடு ராக்கெட் ஆய்வில் ஈடுபட்டவர். அவர் 1930களில் அதிவேகப் படக்கருவியால் அம்பு வில்லை விட்டுப் புறப்படுவதைப் படம்பிடித்தார். படத்தில் அம்பு நேர்க்கோடாக இல்லை. நாண் பின்னாலிருந்து தள்ளிய வேகத்தில் அம்பின் தண்டு வில்போல வளைந்து, பிடியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு, அடுத்து மறுபக்கம் வளைந்து, நீந்தும் மீன் உடலை அசைப்பதுபோல இருபுறமும் நெளிந்தபடியே முன்னால் போனது. இறகுகள் காற்றைப் பிடித்து அந்த நெளிவைச் சிறிது நேரத்தில் அடக்கிவிட்டன.

ஆகவே அம்பு வளைய வேண்டும். அதுவும் சரியான அளவுக்கு வளைய வேண்டும். தண்டு மிக விறைப்பாக இருந்தால் பிடியைச் சுற்றிப் போகாமல் அதில் மோதி இடப்பக்கம் விலகும். மிகத் துவண்டால் வலப்பக்கம் விலகும். விறைப்பை அளக்க எளிய முறை ஒன்று வைத்திருக்கிறார்கள். கார்பன் தண்டை 28 அங்குல இடைவெளியில் இரு முனையிலும் தாங்கி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு அரை அங்குலம் தொய்ந்தால் அதன் எண் 500. 0.6 அங்குலம் தொய்ந்தால் 600. எண் கூடக்கூடத் துவளல் கூடுகிறது என்பதை மறந்துவிட்டுத் தவறான தண்டை வாங்கி வருபவர்கள் நிறைய. இதோடு தண்டின் நீளமும் முனையின் எடையும் சேர்ந்துகொள்ளும். தண்டை வெட்டிக் குறைத்தால் விறைப்பு கூடும். கனமான முனையைப் பொருத்தினால் துவளல் கூடும்.

பொருத்தம் சரிதானா என்பதைக் கண்டறிய வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. ஒரே மாதிரி அம்புகளில் ஒன்றுக்கு இறகு ஒட்டாமல் விட்டு, இறகு வைத்தவற்றோடு சேர்த்து எய்து பார்ப்பது. இறகில்லாத அம்பு தன் தவறைத் திருத்திக்கொள்ள வழியில்லாததால் உண்மையைக் காட்டிவிடும். வலக்கைக்காரருக்கு அது கூட்டத்துக்கு இடப்பக்கம் தைத்தால் விறைப்பு அதிகம், வலப்பக்கம் தைத்தால் துவளல் அதிகம். முனையின் எடையை மாற்றியோ, தண்டைச் சிறிது சிறிதாக வெட்டியோ இரண்டும் ஒரே இடத்தில் தைக்கும்படி செய்வார்கள். ஒரு நாள் முழுதும் இதற்கே செலவானாலும் தகும். வளைந்து வளைந்து போய்த் தைக்கும் அம்பு, விலங்கின் உடலில் நுழையும்போது தன் ஆற்றலைப் பக்கவாட்டில் வீணடித்துவிடும். நேராகப் பறக்கும் 40 பவுண்டு வில்லின் அம்பு, கோணலாகப் பறக்கும் 55 பவுண்டு வில்லின் அம்பைவிட ஆழமாகப் போகும்.

இறகு பற்றி ஒரு சொல். மரபு வில்லில் வான்கோழி இறகுதான் வழக்கம், பிளாஸ்டிக் அல்ல. அம்பு, வில்லின் பிடிமேலேயே சறுக்கிப் போவதால் இறகு பட்டாலும் மடங்கிக் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் மடங்காமல் அம்பைத் தட்டிவிடும். ஓர் அம்பில் உள்ள மூன்று இறகுகளும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இயற்கையான வளைவு ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்யும்.

அடுத்தது தூரம். தொடங்குபவர் மனத்தில் பதிக்க வேண்டிய முதன்மையான கணக்கு இதுதான்.

வினாடிக்கு 50 மீட்டர் போகும் அம்பு 20 மீட்டரைக் கடக்க 0.4 வினாடி ஆகும். அதற்குள் ஈர்ப்பு விசை அதை ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் கீழே இறக்கிவிடும். பழகிய வில்லாளியின் கை இந்த இறக்கத்துக்கு ஏற்ப அம்பைத் தானாக உயர்த்திப் பிடிக்கும். ஆனால் தூரத்தைத் தவறாக மதிப்பிட்டால் என்ன ஆகும்? மான் 20 மீட்டரில் நிற்கிறது, வேடர் 25 மீட்டர் என்று நினைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அம்பு 20 சென்டிமீட்டர் மேலே போகும். மான் 10 மீட்டரில் நிற்கும்போது 15 என்று நினைத்தால் 10 சென்டிமீட்டர் மேலே. 25இல் நிற்பதை 30 என்று நினைத்தால் 25 சென்டிமீட்டர். இந்த வேகமுள்ள அம்புக்கு 5 மீட்டர் மதிப்பீட்டுப் பிழை, தூரம் எத்தனை மீட்டரோ கிட்டத்தட்ட அத்தனை சென்டிமீட்டர் விலகலைத் தருகிறது. வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி 20 முதல் 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம். நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் விலகினால் குறி தப்பிவிடும். ஆக, இந்த வில்லால் 10 மீட்டரில் மன்னிக்கப்படும் பிழை 20 மீட்டரில் மன்னிக்கப்படாது. வினாடிக்கு 90 மீட்டர் வேகத்தில் எய்யும் காம்பவுண்ட் வில்லில் அதே 20 மீட்டரில் அதே பிழை 6 சென்டிமீட்டர்தான். காம்பவுண்ட் வில்லாளிகளின் தூரங்களைக் கேட்டு மரபு வில்லாளி தம் எல்லையை வகுத்துக்கொள்ளக் கூடாது.

மானும் சும்மா நிற்பதில்லை. ஒலி வினாடிக்கு 340 மீட்டர் போகிறது. 20 மீட்டரில் நாணின் சத்தம் மானின் காதை 0.06 வினாடியில் எட்டிவிடும். அம்பு வந்து சேர இன்னும் 0.34 வினாடி பாக்கி. பாய்ந்து ஓடுவதற்கு முன் மான் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். தடையின்றி விழும் எந்தப் பொருளும் 0.2 வினாடியில் 20 சென்டிமீட்டர் இறங்கிவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், அமைதியாக மேய்ந்துகொண்டிருந்த மானின் முதுகுக்கு மேலாக அம்பு போய்விடுவது ஏன் என்று புரியும். விழிப்போடு காதை நிமிர்த்தி நிற்கும் மானை எய்யாமல் விடுவது மரபு வில்லாளிகளின் நல்ல வழக்கம். கனமான அம்பு சத்தத்தைக் குறைக்கும் என்று முன்பு சொன்னது இங்கே பயன்படுகிறது. நாணில் கம்பளி நூல் பொதிகளைக் கட்டியும் சத்தத்தை அடக்குவார்கள்.

நெருங்குவதற்கோ மானின் மூக்கைத் தாண்டியாக வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது மட்டும் போதாது. மலைச்சரிவில் வெயில் ஏறியதும் சூடான காற்று மேலே ஏறும், மாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி வழியும். காலையில் சரிவின் மேற்பக்கத்திலும் மாலையில் கீழ்ப்பக்கத்திலும் காத்திருப்பது இதனால்தான். நிறம் அவ்வளவு பொருட்டல்ல. மானின் கண்ணில் இரண்டு வகை நிற உணர்விகளே உண்டு. நீலத்தை நன்றாகப் பார்க்கும், சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறியாது. வேடர்கள் பாதுகாப்புக்காக அணியும் ஆரஞ்சுச் சட்டை மானுக்குப் பளிச்சென்று தெரிவதில்லை. ஆனால் அசைவு உடனே தெரியும். வில்லை இழுப்பதே ஒரு பெரிய அசைவு என்பதால், மானின் தலை மரத்துக்குப் பின்னால் மறையும்வரை காத்திருந்து இழுக்க வேண்டும்.

இவ்வளவையும் செய்யப்போவது உடம்பு. மரபு வில்லில் குறிபார்க்கும் கருவி இல்லை, விடுவிக்கும் கருவி இல்லை. ஒவ்வொரு முறையும் உடம்பு ஒரே நிலைக்கு வந்து நிற்பதுதான் துல்லியம். நாணைப் பிடித்த கையின் ஒரு விரல் வாயின் ஓரத்தில் வந்து தொடும். அந்த இடம் மாறினால் இழுநீளம் மாறும், இழுநீளம் மாறினால் வேகம் மாறும், வேகம் மாறினால் அம்பு இறங்கும் அளவு மாறும். இழுப்பது புஜத்தால் அல்ல. தோள்பட்டை எலும்புகளை முதுகெலும்பை நோக்கி நெருக்குகிற முதுகுத் தசைகள்தான் அந்த எடையைத் தாங்க வேண்டும். அவை அன்றாட வேலைகளில் அதிகம் உழைக்காத தசைகள். எடை மிகுந்த வில்லைக் கொடுத்தால் முதுகு ஒத்துழைக்காமல் தோளும் கையும் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். இழுப்பு முழுமையடையாது, விரல் அவசரமாக நாணை விடும், தோள் மூட்டைச் சுற்றிய சிறு தசைநாண்கள் காயப்படும். எல்லாவற்றையும்விடக் கெடுதலானது, தவறான அசைவு மூளையில் பழக்கமாகப் பதிந்துவிடுவது. குறி கண்ணில் பட்டதும் விரல் தானாக நாணை விட்டுவிடுகிற ஒரு பீதி வில்லாளிகளைப் பிடிப்பதுண்டு. ஆண்டுகள் கழிந்தும் அதிலிருந்து மீளாதவர்கள் இருக்கிறார்கள்.

25 பவுண்டு வில்லோடு முதல் சில மாதங்களைக் கழிப்பது இந்தப் பழக்கத்தை நேராகப் பதிப்பதற்காக. நல்ல பயிற்சியாளர்கள் தொடக்கத்தில் குறியே வைப்பதில்லை. ஐந்தாறு அடி தொலைவில் வெறும் வைக்கோல் கட்டின்முன் நிற்கச் சொல்வார்கள். குறி இல்லாததால் மனம் முழுவதும் உடம்பின்மேல் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எய்வதும் உண்டு, பாதுகாப்பான தூரத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது. குறி வைத்த பிறகு 8, 10 மீட்டர்தான். அங்கே ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் எல்லா அம்பும் தைத்தால்தான் பின்னே நகர வேண்டும். முன்கைக் காப்பும் விரலுக்குத் தோலுறையும் முதல் நாளிலிருந்தே கட்டாயம்.

எந்தக் கண் ஆதிக்கக் கண் என்பதையும் தொடக்கத்திலேயே அறிய வேண்டும். இரு கண்ணாலும் பார்த்தபடி ஒரு பொருளை விரலால் சுட்டிவிட்டு, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் பொருளைவிட்டு நகராமல் இருக்கிறதோ அதுவே ஆதிக்கக் கண். வலது கண் என்றால் வலக்கை வில். கண்ணும் கையும் மாறியிருப்பவர்கள் வில் வாங்குவதற்கு முன்னரே பயிற்சியாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

வேட்டைக்கான பயிற்சியில் இன்னொரு நுட்பம் உண்டு. வரிசையாக ஐம்பது அம்பு எய்து, கடைசிப் பத்தும் ஒன்றாகத் தைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் காட்டில் கிடைப்பது ஓர் அம்பு, அதுவும் உடம்பு சூடேறாத முதல் அம்பு. ஆகவே அன்றாடம் காலையில் ஒரே ஓர் அம்பு எய்து, அது எங்கே தைத்தது என்று எழுதிவைத்தால், தமக்கு உரிய தூரம் எது என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும். பலருக்கு அது 15 மீட்டரைத் தாண்டுவதில்லை. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வேட்டைக்குப் போகிற தகுதி எப்போது வருகிறது என்பதைச் சட்டமும் ஓரளவு சொல்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1934இல் வில்லுக்கென்று தனி மான் வேட்டைக் காலத்தை அறிவித்தது. பின்னர் மற்ற மாநிலங்களும் பின்பற்றின. அலாஸ்காவில் கருவால் மானுக்கு 40 பவுண்டு, மூஸ், பழுப்புக் கரடி போன்றவற்றுக்கு 50 பவுண்டு என்று குறைந்தபட்ச இழுவிசை விதித்திருக்கிறார்கள். பல மாநிலங்களில் வில் வேட்டைக்கென்றே தனி வகுப்பில் தேறினால்தான் உரிமம்.

இவ்வளவு இருந்தும் தவறுகள் நடக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. மேரிலாந்தில் ஒரு கடற்படைத் தளத்தில் நடந்த வில் வேட்டையைப் பல ஆண்டுகள் கண்காணித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், அம்பு பட்ட மான்களில் 18 விழுக்காடு கைக்குக் கிடைக்கவே இல்லை. அவர்கள் நவீன வில்லும் குறுக்குவில்லும் பயன்படுத்தியவர்கள், திறன் தேர்வில் தேறியவர்கள். மரபு வில்லை எடுப்பவர் இந்த எண்ணைத் தலைமேல் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். காயத்தோடு ஓடி எங்கோ புதரில் துடிக்கும் விலங்கு, வேடருடைய அவசரத்துக்குக் கொடுக்கும் விலை அது. பக்கவாட்டிலோ சற்று அப்பால் திரும்பியோ நிற்கும் விலங்கை மட்டும் எய்வது, எய்தபின் உடனே துரத்தாமல் அரைமணி நேரமாவது காத்திருப்பது, அம்பிலுள்ள ரத்தத்தின் நிறத்தைப் பார்ப்பது ஆகியவை இதற்காகவே வகுத்த முறைகள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் குடல். அப்போது பல மணி நேரம் காத்திருந்துதான் தடம் பார்க்க வேண்டும். முன்பே போனால் படுத்திருக்கும் விலங்கு எழுந்து மேலும் ஓடும், பின்னர் கிடைக்கவே கிடைக்காது. இந்த வேலையில் மனம் ஒப்பாதவர்கள் எய்யாமலே இருப்பது நல்லது.

இந்தியாவில் வாழும் வாசகர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டைக்கு இடமில்லை, வில்லானாலும் துப்பாக்கியானாலும். பிரிட்டனிலும் 1981ஆம் ஆண்டுச் சட்டம் விலங்குகளை வில்லால் எய்வதைத் தடுக்கிறது. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் வாழ்பவர்களும் தங்கள் மாநிலத்தின் விதிகளை முதலில் படிக்க வேண்டும். ஆனால் மேலே சொன்னவற்றில் மிகப் பெரும்பகுதிக்கு விலங்கு எதுவும் தேவையில்லை. நுரைப்பஞ்சில் செய்த விலங்கு உருவங்களைக் காட்டுப் பாதையில் தெரியாத தூரங்களில் நிறுத்தி எய்யும் போட்டிக்கு 2003 முதல் உலகச் சாம்பியன்ஷிப்பே நடக்கிறது. அதில் நெடுவில்லுக்குத் தனிப் பிரிவும் இருக்கிறது. வில்லின்மேல் ஆசை உள்ளவர்கள் ஊரிலுள்ள பயிற்சிக் களத்தை அணுகி, 25 பவுண்டு வில் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஐந்தாறு அடி தொலைவில் வைக்கோல் கட்டின்முன் நின்று தொடங்குங்கள்.